கொல்லிமலையின் நாடுகளும் ஒரு குலத்தின் நினைவும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, நாடுகளாகப் பகுக்கப்பட்ட மலையாகும். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு என்பன அவற்றுட் சில. சங்க காலத்தில் வல்வில் ஓரியின் மலையாக அறியப்பட்ட இதில் இன்று பெரும்பான்மையினராக வாழ்வோர் மலையாளிகள். இப்பெயர் கேரளத்தைக் குறிப்பதன்று; மலைவாழ்நர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழே.

அந்நிய ஆட்சியின்கீழ் ஒரு சிறுபான்மை தன் அடையாளத்தைக் காத்த வரலாற்றில் மொழியே முதலிடம் பெறுவது வழக்கம். ஹங்கேரி அரசு 1875இல் ஸ்லோவாக்கியரின் பண்பாட்டுக் கழகத்தை மூடியபோதும், அம்மக்களை ஒன்றாக வைத்திருந்தது அவர்களின் மொழிப்பற்றே. ஆனால் சமவெளியின் மொழியையே பேசும் மலையாளிகளுக்கு மொழி வேலியாக அமையவில்லை. நாட்டமைப்பும் பூர்விகக் கதையுமே அவர்களின் வேலிகள்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் அக்கதை பதிவாகியுள்ளது. காஞ்சிபுரத்து வேளாளர்களான தம் முன்னோர், தென்னாட்டில் முஸ்லிம் ஆட்சி ஓங்கிய காலத்தில், ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகளுக்கு முன் புறப்பட்டனர் என்றும், சகோதரர் மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்றும் அவர்கள் கூறினர்.

இவ்விடத்தில் முஸ்லிம் வாசகர் சற்றே தயங்கக்கூடும். தயங்க வேண்டியதில்லை, ஆராய வேண்டும். பத்துத் தலைமுறை என்பதை எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய 17ஆம் நூற்றாண்டை அடைகிறோம். பீஜப்பூர், கோல்கொண்டா படைகள் 1640களில் தமிழகத்தின் வடபகுதிக்குள் இறங்கியது மெய்யே. போரினால் குடிகள் இடம்பெயர்ந்திருத்தலும் இயல்பே. அதனை மறைப்பது வரலாற்று அறம் ஆகாது. எனினும் அதே மக்களிடம் வழங்கிய மற்றொரு கதையில் சுல்தானும் இல்லை, படையும் இல்லை. வேட்டைக்குச் சென்ற கணவர்கள் மாண்டனர் என்று கருதி மனைவியர் உயிர்நீத்ததும், திரும்பிவந்த ஆடவர் வேறு பெண்களை மணந்ததுமே அதில் உள்ளன. ஆகவே ஒரு கதையை மட்டும் கைக்கொண்டு ஒரு சமயத்தாரின் மீது பழி சுமத்துவதும் முறையன்று.

வமிசம் என்பது பெரிதும் எண்ணத்தில் நிலைப்பது. அதன் பயன் மனிதரைப் பிணைப்பதிலேயே உள்ளது என்பது 1377இல் முகத்திமாவை எழுதிய இப்னு கல்தூனின் கருத்து. மூன்று சகோதரர் கதை செய்த பணியும் இதுவே. வெவ்வேறு மலைகளில் சிதறியோரை அது ஒரே தந்தையின் மக்களாக்கியது.

இப்பிணைப்பு பின்னர்க் கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காடுகளை அரசின் ஒதுக்கீட்டில் வைக்க வழிசெய்தது. தலைமுறை தலைமுறையாகத் தமதென்று எண்ணிய காட்டில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் அனுமதி வேண்டும் நிலை வந்தது. நிலத்தின்மீது அதிகாரம் பிறர் கைக்குப் போனபோதும், திருமணத்தையும் வழக்கையும் ஊர்க்கவுண்டரும் நாட்டுப் பெரியவர்களும் கூடித் தீர்க்கும் மரபு நீடித்தது.

விடுதலைக்குப் பின் அரசு சேலம் மாவட்ட மலையாளிகளைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. தம்மை வேளாளர் வழியினர் என்னும் கதையும், பழங்குடியினர் என்னும் சட்டப் பெயரும் இன்று அவர்களிடம் இணைந்தே வாழ்கின்றன. இதில் முரண் காண்போர், ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்வதும் அரசு அதனைப் பற்றி எழுதுவதும் வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறப்பவை என்பதை மறக்கின்றனர்.

குலங்களும் கோத்திரங்களும் அமைந்ததன் நோக்கம் ஒருவரையொருவர் அறிதலே என்று ஸூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் உணர்த்துகிறது. நமக்கு உவப்பில்லாத நினைவையும் பொறுமையுடன் கேட்டறிவது அவ்வறிதலின் ஒரு பகுதியே என்று கருதுகிறோம்.