ஜி.எஸ்.டி. சாலையில் சொகுசு கார்

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர்–வண்டலூர் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையிலிருந்து 1985இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ வெளிவந்தது. வெளித்தோற்றம் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. என்ஜினோ வேன்கார்டு கார் காலத்துப் பழைய வடிவமைப்பின் வழிவந்த 2 லிட்டர் என்ஜின். பட்டு ஜிப்பாவுக்குள் கிழிந்த பனியன் என்றே சொல்லலாம். விலை அதிகம், பெட்ரோல் செலவும் அதிகம். 1983 டிசம்பரிலேயே மாருதி 800 வந்துவிட்டதால் நடுத்தரக் குடும்பங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. 1988இல் ஸ்டாண்டர்ட் 2000இன் உற்பத்தி நின்றது. ஆலையும் மூடப்பட்டபின் அந்தக் காரை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு உதிரிபாகம் தேடுவதே பெரும்பாடாயிற்று.

மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் என்று 1990களில் புதிய ஆலைகள் எழுந்தன. 1998இல் வந்த சான்ட்ரோ புதுக் கார் ஆசையை மாதத் தவணைக்குள் அடக்கியது. 2007இல் சிங்கப்பெருமாள் கோவில் அருகே மகிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ உற்பத்தி தொடங்கியது.

இத்தகைய சொகுசு காரின் விலை முதல் சில ஆண்டுகளிலேயே சரிவதால், பழையது சாதாரணப் புது செடானின் விலைக்கே கிடைக்கும். ஆனால் ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் முதலியவற்றின் விலை அதனுடன் சேர்ந்து இறங்குவதில்லை. பழைய கார் வாங்குவோருக்கு வெள்ளமும் ஒரு கவலை: 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க, வாங்குவோர் தரைவிரிப்பைத் தூக்கி, சீட்டுக்கு அடியில் துருவையும் ஸ்டெப்னி குழியில் வண்டலையும் பார்ப்பார்கள். மின்னணுப் பெட்டிகள் நிறைந்த சொகுசு காரில் அந்தச் சேதம் பல மாதம் கழித்தும் தலைகாட்டும்.