இறக்கமும் தடையும்

மலையேற வலிமை வேண்டும். மலையிறங்கக் கட்டுப்பாடு வேண்டும். ஊவா மாகாணத்தின் போக்குவரத்து வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

கோப்பிப் பயிர் செழித்த 19ஆம் நூற்றாண்டில் பதுளைப் பகுதித் தோட்டங்களின் விளைபொருள் மாட்டு வண்டிகளில் சென்றது. இறக்கத்தில் வண்டிக்காரன் மரக்கட்டையைச் சக்கரத்தோடு கயிற்றால் இறுக்கி வேகத்தை அடக்கினான். கட்டை தேய்ந்தால் கண் அறியும். கயிறு நைந்தால் கை அறியும்.

பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1894 இல் பண்டாரவளையை அடைந்த அது, 1924 இல் பதுளையில் நிறைவுற்றது. பட்டிப்பொலச் சிகரத்திலிருந்து பதுளை வரை 1,200 மீற்றருக்கும் மேற்பட்ட இறக்கம். அவ்வழியே இறங்கிய புகைவண்டிகளைக் காத்தது வெற்றிடத் தடை. குழாயில் வெற்றிடம் நிலவும் வரையில் தடை விலகி நிற்கும். குழாய் உடைந்து காற்றுப் புகுந்தால் அதுவே சக்கரத்தைப் பற்றிக்கொள்ளும். பழுது நேர்ந்தால் வண்டி நிற்கும் என்பதே அதன் தத்துவம்.

மோட்டார் வண்டியின் தத்துவமோ நேர்மாறானது. 1921 இல் அமெரிக்க டியூசன்பர்க் வண்டியிலும், 1948 இல் வெளிவந்த ஆங்கிலேய மொரிஸ் மைனரிலும், மிதியின் அழுத்தத்தைக் குழாய்வழித் திரவமே நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுசென்றது. ஒரு குழாய் பொத்தலானால் நான்கு சக்கரங்களின் தடையும் ஒருங்கே அற்றுப்போகும். எஞ்சுவது கைத்தடை ஒன்றே.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை பழைய வண்டிகளே பெரும்பாலும் குடும்பங்களைச் சுமந்தன. இரும்புக் குழாய் வயதால் மெலிவது. சேறும் மழையும் அதனை வெளியிலிருந்து அரிக்கின்றன. தடைத்திரவமோ காற்றின் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்து கெடுக்கின்றது. ஈரமேறிய திரவம் நெடிய இறக்கத்தின் வெப்பத்தில் கொதித்து ஆவியாகும். அப்போது குழாய் பழுதற்றிருந்தாலும் மிதி தாழ்ந்துவிடும்.

1968 முதல் அமெரிக்காவில் புதிய கார்களுக்கு இரட்டைக் குழாய்முறை கட்டாயமாயிற்று. ஒரு பாதி பழுதுற்றாலும் மறுபாதி வேலை செய்யும் இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. செம்பும் நிக்கலும் கலந்த, துருவேறாத குழாய்களும் வந்தன. எனினும் வண்டிக்கு அடியில் மறைந்திருக்கும் துருவை எந்தச் சட்டமும் தானாக நீக்கிவிடுவதில்லை.

2025 செப்டம்பர் 4 ஆம் நாள் இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். விபத்துக்கு விபத்து காரணம் வேறுபடலாம். ஆனால் இத்தகைய சரிவில் தடை தவறிய வண்டிக்கு மறுவாய்ப்பு அரிது.

திரவத்தின் மட்டம் குறைதல், மிதி மென்மையாதல், சக்கரத்தின் உட்புறத்தில் ஈரக்கசிவு ஆகியவை முன்னெச்சரிக்கைகள். நோயாளியோடு பதுளை வைத்தியசாலைக்குப் புறப்படும் தோட்டத்துப் பழைய வேனுக்கு, இயந்திரத்தின் வலிமையினும் அக்குழாயின் உறுதியே முதன்மையானது. கயிற்றைத் தொட்டுப் பார்த்தே இறக்கத்தில் இறங்கிய வண்டிக்காரனின் வழக்கம் இன்றும் பழமையானதன்று.