தப்பு பாடமான கதை: மதுரை வட்டாரத்தில் பறைப் பயிற்சி

ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தொல்காப்பியம் யாழோடு பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என உரையாசிரியர்கள் பெயரிட்டுப் பிரித்தார்கள். ஏட்டில் இத்தனை இடம் பெற்ற கருவிக்கு மதுரைச் சமவெளிக் கிராமங்களில் வழங்கிய பெயர் தப்பு, அல்லது வெறும் கொட்டு. சாவு விழுந்தாலும் சாமி சாட்டினாலும் ஊருக்குச் சேதி சொல்ல வேண்டியிருந்தாலும் அடித்தே தீரவேண்டிய கடமையாக அது சில குடும்பங்களின் தலையில் சுமத்தப்பட்டிருந்தது. அப்பன் அடிப்பதைப் பார்த்து மகன் கற்றான், மகள் கற்கவில்லை. இந்தக் கடமை எப்போது பாடமாயிற்று?

பாதுகாப்பில் தொடங்கிய கதை அல்ல இது, மறுப்பில் தொடங்கியது. இனி அடிக்கமாட்டோம் என்று கருவியைக் கீழே வைப்பது தலித் இயக்கங்களின் போராட்ட வடிவங்களில் ஒன்று. 1990-91இல் அம்பேத்கர் நூற்றாண்டு தந்த எழுச்சியில் இன்னொரு குரல் எழுந்தது: இழிவு அடிமைமுறையில் இருக்கிறது, தோலில் இல்லை, ஆகவே மேடையில் நம் விருப்பத்துக்கு அடிப்போம். இரண்டு தரப்பும் ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில் இருந்தன. பறைக்கலையின் மீட்சியைப் பேசும் எழுத்துகள் முதல் தரப்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. அந்த மறுப்பு இல்லாமல் பின்னால் வந்த பயிற்சிக்கு மதிப்பு வந்திருக்காது என்பது என் கணிப்பு.

மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி இங்கே முக்கியமாகிறது. ‘பரட்டை’ என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு (1940-2005) அங்கே ஆசிரியர். தமிழ்க் கிறித்தவம் அதுவரை பாடியது ஒருபக்கம் மேலைநாட்டு ஞானப்பாட்டு, மறுபக்கம் கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை. இரண்டிலும் சேரிக்காரன் கேட்பவனாகவே நிற்கிறான் என்று கண்ட அப்பாவு, நாட்டுப்புற இசையில் ஒரு முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். அவர் சொன்ன காரணம் நுட்பமானது. நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவர் தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். அந்த உரிமைதான் விடுதலை. பழையதை அப்படியே காப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல் முழுக்க இந்தப் பணியைப் பற்றியதே. அப்பாவுவிடம் படித்த போதகர்கள் அந்தப் பாட்டுகளைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

வடக்கே திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா வளர்த்த சக்தி கலைக்குழு மகள்கள் கையில் பறையைக் கொடுத்தது. தலித் இளம்பெண்கள் சேர்ந்து தங்கி அடியும் ஆட்டமும் கற்றார்கள். தோளில் தப்பு மாட்டி ஒரு பெண் தெருவில் ஆடியது ஊருக்கு மட்டுமல்ல, அவள் வீட்டு ஆண்களுக்கும் அதிர்ச்சிதான்.

அலங்காநல்லூர் வேலு ஆசான் வேறு வழியில் வந்தவர். சாவு வீட்டுக் கொட்டில் கற்றதை எவருக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடமாக்கினார். வெவ்வேறு சாதி, வெவ்வேறு படிப்பு உள்ளவர்கள் அவரிடம் வந்து ஒத்தையடி, சப்பரத்தடி, சாமிச்சாட்டு அடி என்று ஒவ்வொன்றாகப் பயின்றார்கள். ‘ஆசான்’ என்ற சொல் பறையடிப்பவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதே ஒரு மாற்றம். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டு முன்புதான், 2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாநிலத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியிருந்தார்.

வேறோர் இசைப்பயிற்சியோடு ஒப்பிட்டால் மதுரையின் தனித்தன்மை புரியும். பசிபிக்கின் ராப்பா நுய் தீவில் 2012இல் தொடங்கிய டோக்கி இசைப்பள்ளியில் பிள்ளைகள் பியானோவையும் மூதாதையர் பாட்டையும் ஒரே கூரையின் கீழ் கற்கிறார்கள். அங்கே பயம், பாட்டு மறந்துபோகும் என்பது. மதுரைப் பக்கம் கொட்டை யாரும் மறக்கவில்லை. யார் அடிக்க வேண்டும் என்பதையும் ஊர் மறக்கவில்லை.

கருவி செய்யும் வேலை இன்னும் பாடத்துக்குள் முழுதாக வரவில்லை. வேம்புச் சட்டத்தை வளைத்துப் பொருத்தி, மாட்டுத்தோலைப் பதப்படுத்தி, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காயவைப்பது பழைய கைகளிலேயே நிற்கிறது. பைபர் தோல் வந்தபின் நெருப்பில் காய்ச்ச வேண்டியதில்லை, நாற்றமும் இல்லை. புதிதாகக் கற்க வருபவர் பலரும் அதையே கேட்டு வாங்குகிறார்கள்.