மலையக இளைஞரின் தொழிற்பயிற்சியும் தொழில்கொள்வோரின் பொறுப்பும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும், ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பேருந்து நிலையங்களில் பயணப் பைகளுடன் கொழும்புக்குப் புறப்படும் பிள்ளைகளின் தொகை அதிகரிப்பதை நாம் கண்டு வருகின்றோம். உயர்தரம் கற்பதற்குரிய சித்திகளைப் பெறாதோர், பெற்றும் வீட்டு நிலைமை இடங்கொடாதோர் என இவர்கள் பலவகையினர். தலைநகரின் புடைவைக் கடைகளும் உணவகங்களும் களஞ்சியங்களும் இவர்களை ஏற்றுக்கொள்கின்றன. தங்குமிடமும் சாப்பாடும் கிடைக்கின்றன. பத்தாண்டுகள் கழித்து அதே கடையில் அதே வேலையில் நிற்கும்போதுதான், கையில் தொழிலுமில்லை, அதற்கான சான்றிதழுமில்லை என்ற உண்மை தெரியவருகின்றது.

தொழில் செய்துகொண்டே தொழிலைக் கற்பதற்கும், கற்கும் காலத்தில் சிறு தொகையையேனும் படியாகப் பெறுவதற்கும், முடிவில் அரச அங்கீகாரமுள்ள சான்றிதழைப் பெறுவதற்கும் இந்நாட்டில் சட்டபூர்வமான ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகின்றது. அதுவே பயிலுநர் முறையாகும். மலையகம் அதனை எவ்வளவுக்குப் பயன்படுத்தியுள்ளது, பயன்படுத்தத் தடையாக நிற்பவை எவை என்பதையே இங்கு நோக்க விரும்புகின்றோம்.

1971ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கிளர்ச்சி தென்னிலங்கையை உலுக்கிய அதே ஆண்டில்தான், 49ஆம் இலக்க தேசிய பயிலுநர் சட்டம் நிறைவேற்றப்பட்டது. படித்தும் வேலையற்றிருந்த இளைஞரின் கொதிப்பை அன்றைய ஆட்சியாளர்கள் கண்கூடாகக் கண்டிருந்தனர். ஆனால், அவ்வாண்டில் மலையகத் தமிழரில் பெரும்பகுதியினர் நாடற்றவர்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்ததை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு பிரித்துக் கொண்டிருந்த காலம் அது. அரசாங்கம் பிரஜைகளுக்குத் திறந்துவிட்ட கதவு, பிரஜையாகக் கருதப்படாதவனுக்குத் திறந்திருந்ததாகக் கொள்ள முடியாது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல். ஆக, ஏனைய சமூகத்தவர் முப்பதாண்டுகள் முன்னதாகவே ஏறிவிட்ட வண்டியில் நமது பிள்ளைகள் தாமதமாகவே ஏறினர்.

1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்விச் சட்டத்தின் கீழ், பழைய பயிலுநர் சபையின் இடத்தில் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை அமைந்தது. நைட்டா என்று பரவலாக அறியப்படும் நிறுவனம் இதுவே. 1995இல் தொழிற்பயிற்சி அதிகார சபை ஏற்படுத்தப்பட்டது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர் பலரும் அறிந்திருப்பதில்லை. தொழிற்பயிற்சி அதிகார சபை பிரதானமாகத் தனது நிலையங்களில் வகுப்பு நடத்துவது. நைட்டாவின் பயிலுநர் முறையோ வேலைத்தளத்தையே வகுப்பறையாகக் கொள்வது. இளைஞர், தொழில்கொள்வோர், அதிகார சபை ஆகிய முத்தரப்பும் ஓர் உடன்படிக்கையின் மூலம் பிணைக்கப்படுகின்றன. கராஜிலோ அச்சகத்திலோ ஹோட்டல் சமையலறையிலோ பயிற்சி நடைபெறும். அதிகார சபையின் பரிசோதகர் அதனை மேற்பார்வை செய்வார். தொழிலுக்கேற்பச் சில மாதங்கள் முதல் சில ஆண்டுகள் வரை நீடிக்கும் பயிற்சியின் முடிவில் மதிப்பீடு இடம்பெறும். பெரிய நிறுவனமொன்றுதான் வேண்டுமென்பதில்லை. கிராமிய மட்டத்தில் தேர்ந்த கைவினைஞர் ஒருவரிடமும் பயிலுநரை அமர்த்துவதற்கு இம்முறையில் இடமுண்டு.

இச்சான்றிதழ்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது, என்.வி.கியூ. என வழங்கும் தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பாகும். ஏழு மட்டங்களைக் கொண்ட அதில், நான்காம் மட்டம் வரை சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் அமைந்ததன் பின்னர், உயர்தரம் சித்தியடையாத மாணவனும் தொழில் வழியாகவே பட்டம் வரை செல்லக்கூடிய பாதை பிறந்தது. இதனை நாம் சாதாரணமானதொன்றாகக் கருதவில்லை. கணிதத்தில் சித்தியடையாத காரணத்தால் ‘உருப்படாதவன்’ என்று வீட்டிலும் பாடசாலையிலும் முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு இது இரண்டாவது வாசல். நமது பாடசாலைகளில் தொழில் வழிகாட்டல் என்ற பெயரில் நடைபெறும் கூட்டங்களில் இது பற்றி எத்தனை ஆசிரியர்கள் எடுத்துரைக்கின்றனர் என்பது வேறு விடயம்.

தோட்டத்துக்கு பயிலுநர் முறை புதியதல்ல. தேயிலைக்கு வித்திட்டவராகப் போற்றப்படும் ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொட்லாந்திலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 16. 1852இல் இங்கு வந்து, கோப்பித் தோட்ட உதவியாளராகவே தொழிலைக் கற்றார். 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டது அவ்வாறு கற்றறிந்த கைதான். பின்னர், துரைமாராக வர விரும்பிய இளைஞர்கள் அனுபவமிக்க பெரியதுரை ஒருவரிடம் பணம் செலுத்தியே தொழில் பழகும் வழக்கம் தோட்டங்களில் வேரூன்றியது. அத்தகையோரை ‘கிரீப்பர்’ என்று அழைத்தனர். கொழுந்தின் தரம் பார்ப்பது தொடக்கம் கணக்குப் பார்ப்பது வரை ஒவ்வொன்றாகப் பழகி, சின்னத்துரையாகி, பெரியதுரையாகும் படிமுறை அது. முறையான பயிலுநர் ஏணியொன்றைப் பெருந்தோட்டம் நூறாண்டுகளுக்கு மேலாக வைத்திருந்தது. தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த ஏணியில் இடமிருக்கவில்லை என்பதே வரலாறு. லயத்துப் பிள்ளைக்கு இருந்த ஒரே பயிற்சி, தாயின் பின்னால் மலைக்குச் சென்று கொழுந்து பறிக்கப் பழகியதுதான். அதற்கு உடன்படிக்கையும் இல்லை, சான்றிதழும் இல்லை.

ஆயினும் கற்றல் நடைபெறாமல் இருந்ததில்லை. எந்தவொரு தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் சென்று பார்க்கட்டும். வாட்டும் தட்டிலிருந்து ரோலருக்கும், ரோலரிலிருந்து ட்ரையருக்கும் கொழுந்து செல்லும் வழியெங்கும், இருபது முப்பது ஆண்டுகளாகப் பார்த்தும் தொட்டும் முகர்ந்தும் பழகிய மனிதர்கள் நிற்கின்றனர். புளிக்கும் கொழுந்தின் மணத்தைக் கொண்டே பதத்தைச் சொல்வார்கள். பழுதடைந்த மோட்டரின் சத்தத்திலேயே பழுது எங்கே என்பார்கள். ஆனால், அத்தொழிற்சாலை மூடப்படும் நாளில், வேறிடத்தில் காட்டுவதற்கு அவர்களிடம் துண்டுக் கடதாசியும் இராது. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1990களில் நட்சத்திர ஹோட்டலாக மாறியதை வாசகர்கள் அறிவர். இயந்திரங்கள் காட்சிப் பொருளாகப் பேணப்பட்டன. அவற்றை இயக்கியோரின் அறிவைப் பேணும் முறையொன்றும் நமக்குத் தேவைப்படுகின்றது.

அதற்கும் வழியுண்டு. முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை என்.வி.கியூ. கட்டமைப்பிலேயே உள்ளது. வகுப்புக்குச் செல்லாமல் தொழிலைக் கற்ற மேசன் பாஸ், வெல்டர், தையற்காரர், சமையற்காரர் ஆகியோர், தமது அனுபவத்துக்கான ஆதாரங்களைச் சமர்ப்பித்து, செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றிச் சான்றிதழைப் பெறலாம். வெளிநாடு செல்வோருக்கு இச்சான்றிதழின் பெறுமதி அதிகம். தோட்டக் கம்பனிகள் தமது நீண்டகால ஊழியரை இம்மதிப்பீட்டுக்கு உட்படுத்தினால், அவ்வூழியரே நாளை பயிலுநருக்குப் பயிற்றுநராகலாம். செலவு குறைந்த முதற்படி இதுவே என்பது எமது கருத்து.

இனி, பணத்தின் கதை. தொழிற்பயிற்சி பற்றிப் பேசும் அதிகாரிகள் பலரும் இங்குதான் தடுக்கி விழுகின்றனர். 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ரூபாவாக்கி, அரசாங்கம் வழங்கும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவையும் சேர்த்து 1,750 ரூபா கிடைக்க வழிசெய்வதாக அறிவிக்கப்பட்டது. 25 நாட்கள் முழுமையாக வேலை கிடைத்தாலும் மாதத்துக்கு 43,750 ரூபா. சேமலாப நிதிக் கழிவும் தோட்டக் கடைக் கடனும் போக எஞ்சுவதில், வளர்ந்த பிள்ளையொன்றை ஓராண்டு வருமானமின்றி வைத்திருப்பது எளிதன்று. மஸ்கெலியாவின் மேற்பிரிவொன்றிலிருந்து ஹட்டனுக்குத் தினமும் வந்துபோகும் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவுமே ஒரு பாரம். பயிலுநர் படி இவ்விரண்டையும் ஈடுசெய்யாதபோது, கடையில் சாப்பாட்டுடன் கிடைக்கும் சம்பளத்தின் பக்கம் பிள்ளை சாய்வதில் வியப்பேது? பயிற்சியை இடைநடுவில் கைவிடும் இளைஞரை ‘அக்கறையற்றவர்’ என்று குறை கூறுவோர், முதலில் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தொழில்கொள்வோருக்கும் அவர்களது கணக்கு உண்டு. ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் கராஜ், பேக்கரி, தளபாடக் கடை, தையலகம், நகைப் பட்டறை என நடத்தி வரும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களில் பெரும்பாலானோர் சிறு முதலாளிகளே. ‘பழக்கிவிட்டால் போய்விடுவான்’ என்பதே இவர்களிடம் பொதுவாகக் கேட்கும் குறை. பழக்கும் காலத்தில் பாழாகும் மரத்துக்கும் துணிக்கும் யார் பொறுப்பு என்பது அடுத்தது. இவை நியாயமற்றவையல்ல. அதேவேளை, ‘பழகவந்தவன்’ என்ற பெயரில் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலைக்கே வைத்திருப்போரும் நம்மிடையே உள்ளனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. உடன்படிக்கை இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது இதனாற்றான் அவசியமாகின்றது. எத்தனை மாதத்தில் எதனைக் கற்பிப்பது என்பது எழுத்தில் இருந்தால், தேநீர் வாங்கிவர அனுப்பியே காலத்தைக் கடத்த முடியாது. தொழில் செய்வதற்கான ஆகக்குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டதையும் சிறு முதலாளிகள் மறந்துவிடலாகாது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு ஏனைய நாடுகள் வெவ்வேறு விடைகளைக் கண்டுள்ளன. இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்கள் தமது ஆளணியில் 2.5 முதல் 15 வீதம் வரை பயிலுநரைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளன. 2016இல் தொடங்கிய தேசிய பயிலுநர் ஊக்குவிப்புத் திட்டம், படித்தொகையில் 25 வீதத்தை, மாதம் 1,500 இந்திய ரூபாவுக்கு மேற்படாமல், மத்திய அரசு ஏற்கும் முறையைக் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட தொழில்கொள்வோரிடம் 0.5 வீத அறவீடு பெறப்படுகின்றது. சிறிய நிறுவனங்களின் பயிற்சிச் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்கின்றது. பெரியவர் செலுத்த, சிறியவர் பயன்பெறும் ஏற்பாடு இது. இலங்கையிலோ 2014இல் திறன் துறை அபிவிருத்திக்கென ஆசிய அபிவிருத்தி வங்கியும் உலக வங்கியும் கடன் வழங்கின. கடன் கொண்டு நிலையங்களை மேம்படுத்தலாம். தொழில்கொள்வோரின் பங்களிப்பைக் கடனால் வாங்க முடியாது.

பெருந்தோட்டங்கள் 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைத்துவத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. ஆளில்லாமல் மலைகள் காடாகின்றன என்று இக்கம்பனிகள் முறையிடுகின்றன. இளைஞர் தோட்டத்தில் நிற்காமைக்கு சம்பளம் மட்டும் காரணமல்ல. கொழுந்துக் கூடைக்கு அப்பால் உயர்வொன்று தென்படாமையும் காரணமே. தொழிற்சாலைப் பொறிமுறை, மின்னிணைப்பு, வாகனப் பராமரிப்பு, களஉத்தியோகம் ஆகியவற்றில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே பயிலுநர் இடங்களை ஒதுக்கும் கம்பனி, தனது ஆளணிப் பிரச்சினைக்கும் மருந்து தேடிக்கொள்கின்றது. லக்சபான, மேல் கொத்மலை போன்ற நீர்மின் நிலையங்கள் இம்மலைகளின் நீரிலேயே இயங்குகின்றன. அவற்றின் பயிலுநர் பட்டியல்களில் சுற்றியுள்ள தோட்டங்களின் முகவரிகள் எத்தனை என்பதை நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்டறியலாம். தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தலவாக்கலையிலேதான் அமைந்துள்ளது.

இவையனைத்துக்கும் மேலான தடை மொழி. தமிழ்மொழி மூலம் கற்ற மலையகத் தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும், சிங்களத்தில் மட்டும் நடைபெறும் பாடநெறியில் அமர்ந்து பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் எழுந்து வரும் நிலை இன்னும் முற்றாக நீங்கவில்லை. தமிழறிந்த பயிற்றுநரும் மதிப்பீட்டாளரும் போதாமையே இதற்குக் காரணம். ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு இந்திய உதவி கிடைத்தது வரவேற்கத்தக்கது. ஆயினும், கட்டடத்தையும் இயந்திரத்தையும் நன்கொடையாகப் பெறுவதுபோல் ஆசிரியரைப் பெற்றுவிட முடியாது. கொட்டகலை பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, மலையகப் பாடசாலைகளுக்கான ஆசிரியர் பற்றாக்குறையைக் குறைக்க எவ்வாறு உதவியதோ, அவ்வாறானதொரு ஏற்பாடு தொழிற்பயிற்றுநருக்கும் வேண்டும்.

பெற்றோருக்கு நாம் கூறக்கூடியது இவ்வளவே. பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புமுன், பிரதேச செயலகத்திலும் நைட்டாவின் மாவட்ட அலுவலகத்திலும் விசாரியுங்கள். பணம் அறவிடும் தனியார் நிறுவனமாயின், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். குறித்த பாடநெறிக்கு என்.வி.கியூ. அங்கீகாரம் உண்டா என்பதையும் தனியாகக் கேளுங்கள். நிறுவனம் பதிவு பெற்றிருப்பதும் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பதும் ஒன்றல்ல. வண்ணச் சான்றிதழ்களைச் சட்டகமிட்டுத் தொங்கவிட்டு ஏமாந்த வீடுகள் மலையகத்தில் ஏராளம்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா சூறாவளியும் மண்சரிவுகளும் மத்திய மலைநாட்டைச் சிதைத்துச் சென்றன. இந்திய உதவியுடனான 14,000 வீடுகள் திட்டத்துக்கு அப்பால், இடம்பெயர்ந்தோருக்கான புதிய குடியிருப்புகளும் பாதைகளும் தடுப்புச் சுவர்களும் கட்டப்பட வேண்டியுள்ளன. இவற்றுக்கு மேசன்மாரும் தச்சரும் மின்னிணைப்பாளரும் குழாய் பொருத்துநரும் தேவை. தூர மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து கட்டிமுடித்துச் செல்வது ஒப்பந்தகாரர்களுக்கு இலகுவானது. ஒவ்வொரு வேலைத்தளத்திலும் அவ்விடத்து இளைஞர் இத்தனை பேர் நைட்டா உடன்படிக்கையின் கீழ் பயிலுநராகச் சேர்க்கப்பட வேண்டும், அவர்களது படியும் பயணச் செலவும் மதிப்பீட்டில் அடங்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கேள்விப்பத்திரத்திலேயே அரசாங்கம் சேர்க்கலாம். இதற்குப் புதிய சட்டமோ புதிய கடனோ வேண்டியதில்லை. கேள்விப்பத்திரங்கள் தயாராகும் நேரத்திலேயே மலையகப் பிரதிநிதிகள் இதனை வலியுறுத்த வேண்டும்.