நீலப்புள்ளிக் கூர்மூக்குப் பேத்தை

நீலப்புள்ளிக் கூர்மூக்குப் பேத்தை, வெப்பமண்டலப் பவளப்பாறைகளை ஒட்டி வாழும் சிறு கடல்மீன். அறிவியல் பெயர் காந்திகாஸ்டர் சயனோஸ்பைலோட்டா. ஜான் ராண்டால், ஜெஃப்ரி வில்லியம்ஸ், லூயிஸ் ரோஷா ஆகிய மூவர் 2008ஆம் ஆண்டு இதைத் தனிச் சிற்றினமாக விவரித்தனர். அதுவரை இம்மீன் ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த வேறொரு பேத்தையின் பெயரில் அறியப்பட்டு வந்தது. செங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் காணப்படுவதால் நம் கடல்களின் மீன் பட்டியலோடும் இதற்கு நேரடித் தொடர்பு உண்டு.

பெயர்

தமிழகக் கடற்கரையில் உடலை ஊதிக்கொள்ளும் மீன்களைப் பேத்தை என்றும், நீண்ட முட்கள் உடையவற்றை முள்ளம்பேத்தை என்றும் அழைப்பர். அறிவியல் பெயரின் பின்பகுதி கிரேக்கச் சொற்களால் ஆனது. நீலம், புள்ளி என்பவை அச்சொற்களின் பொருள். காந்திகாஸ்டர் என்ற பேரினத்தை நிறுவியவர் ஆங்கில இயற்கையியலாளர் வில்லியம் ஸ்வைன்சன். ஆண்டு 1839.

உருவ அமைப்பு

இம்மீன் அடங்கும் டெட்ராஓடான்டிடே என்ற குடும்பப் பெயருக்கு நான்கு பல் என்று பொருள். பற்கள் ஒன்றோடொன்று இணைந்து மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாகத் தகடுகளாகி, கிளியின் அலகு போலத் தோன்றும். இம்மீன்களுக்கு விலா எலும்பும் இல்லை, இடுப்புத் துடுப்பும் இல்லை. அச்சமுற்றால் நீரை விழுங்கி வயிற்றை நிரப்பிப் பந்தாகிவிடும்.

காந்திகாஸ்டர் பேரினத்தைச் சேர்ந்த கூர்மூக்குப் பேத்தைகளை இக்குடும்பத்தின் மற்ற மீன்களிலிருந்து பிரித்தறிவது எளிது. முகவாய் நீண்டு கூர்மையாக இருக்கும். உடல் பக்கவாட்டில் தட்டையானது. செவுள் திறப்பு மிகச் சிறியது. பெரும்பாலான சிற்றினங்கள் 12 செ.மீ. நீளத்துக்குள் அடங்கிவிடும். முதுகுத்துடுப்பு வாலை ஒட்டிச் சிறு விசிறி போல அமைந்திருக்கும். அதையும் குதத்துடுப்பையும் அசைத்தபடி பாறை இடுக்குகளில் நிதானமாக நீந்தித் திரியும்.

நீலப்புள்ளிப் பேத்தையின் உடல் வெளிர் நிறமானது. கண்களுக்கு இடையே ஒரு கரும்பட்டையும் முதுகில் சேணம் விரித்தாற்போல மூன்று கரும்பழுப்புத் திட்டுகளும் உண்டு. இவற்றைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் நீலப் புள்ளிகளே இதன் அடையாளம்.

உணவும் இனப்பெருக்கமும்

கூர்மூக்குப் பேத்தைகள் பாசி, கடற்பஞ்சு, சிறு நத்தை, நண்டு, இறால் போன்றவற்றைக் கொறித்து உண்ணும். இப்பேரினத்தில் மிக விரிவாக ஆராயப்பட்டது காந்திகாஸ்டர் வாலன்டினி. ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவருகே 1980களில் நடந்த ஆய்வில் இதன் குடும்ப வாழ்வு தெரியவந்தது. ஓர் ஆண்மீனின் எல்லைக்குள் பல பெண்மீன்கள் வாழும். முட்டையிடும் பெண்மீன் பாசிக் கொத்தைத் தேர்ந்து, அதைக் கொத்திச் சீர்செய்து, அதனுள் முட்டையிடும். பிறகு பெற்றோர் இருவரும் முட்டையைக் காப்பதில்லை. முட்டை பிற மீன்களுக்குச் சுவைக்காததால் அதற்குக் காவல் தேவைப்படுவதும் இல்லை.

நஞ்சு

பேத்தைகளின் ஈரல், சினைப்பை, தோல் ஆகியவற்றில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சு உள்ளது. இதற்கு 1909இல் பெயரிட்டவர் ஜப்பானிய அறிஞர் யோஷிசுமி தஹாரா. நரம்புச் செல்களின் சோடியம் வழிகளை இந்நஞ்சு அடைத்துவிடுகிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். பின்னர் தசைகள் செயலிழந்து மூச்சு நின்றுவிடும். இதற்கு மாற்றுமருந்து இல்லை. சமையல் வெப்பத்தாலும் நஞ்சு அழியாது. ஆகவே எந்தப் பேத்தையையும் வீட்டில் சமைத்து உண்ணக் கூடாது.

இந்த நஞ்சின் மறைவில் பிழைக்கும் மீன் ஒன்றும் உண்டு. பராலூட்டரஸ் பிரியோனூரஸ் என்னும் நஞ்சற்ற மீன், வாலன்டினிப் பேத்தையின் கருஞ்சேணங்களையும் வடிவையும் அப்படியே கொண்டிருக்கும். கூட்டாக நீந்தும்போது எது பேத்தை, எது போலி என்று முத்துக்குளிப்போருக்கும் சட்டெனத் தெரியாது. துடுப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். பேத்தையின் முதுகுத்துடுப்பு சிறு விசிறி. போலியின் துடுப்போ நீண்ட அடியுடன் முதுகின் பின்பாதி முழுவதும் படர்ந்திருக்கும்.

ஒரு பெயருக்குள் மூன்று மீன்கள்

1875இல் பிரெஞ்சு அறிஞர்கள் வையானும் சோவாஜும் ஹவாய்த் தீவுகளில் கிடைத்த பேத்தைக்குக் கொரோனாட்டா, அதாவது மகுடம் தரித்தது, என்று பெயரிட்டனர். 1931இல் ஆஸ்திரேலியாவின் கில்பர்ட் விட்லி, ஒத்த தோற்றமுடைய மேற்குப் பசிபிக் மீனுக்கு ஆக்ஸியோலோகஸ் எனப் பெயர் வைத்தார். 1977இல் ஜெரால்ட் ஆலனும் ராண்டாலும் இந்தோ-பசிபிக் கூர்மூக்குப் பேத்தைகள் அனைத்தையும் மீளாய்வு செய்து வெளியிட்டனர். டைலெரி, ஸ்மித்தே முதலிய புதிய சிற்றினங்கள் அதில் இடம்பெற்றன. சேணமிட்ட இந்த மீன்கள் மட்டும் கொரோனாட்டா என்ற ஒரே பெயரின்கீழ் நின்றன.

31 ஆண்டுகள் கழித்து அதே ராண்டால், இரு துணையாசிரியர்களுடன் அக்கணிப்பைத் திருத்தினார். கொரோனாட்டா ஹவாய்ப் பகுதிக்கு உரியது. விட்லி வைத்த ஆக்ஸியோலோகஸ் மீண்டும் உயிர்பெற்றது. இந்தியப் பெருங்கடலில் வாழும் மூன்றாவது மீனுக்கு எவரும் பெயர் வைத்திருக்கவில்லை. அதற்கே சயனோஸ்பைலோட்டா என்ற பெயர் கிடைத்தது.

இக்குழப்பம் இத்தனை காலம் நீடிக்க ஒரு காரணம் நிறம். பார்மலினிலும் சாராயத்திலும் இட்ட மீனில் நீலமும் மஞ்சளும் மறைந்து, பழுப்புத் திட்டுகளே எஞ்சும். அருங்காட்சியகக் குப்பிகளில் இருக்கும் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். ராண்டால் இதற்கு ஒரு வழி கண்டார். மீன் பிடிபட்டவுடன் துடுப்புகளை ஊசியால் விரித்துப் பொருத்தி, அவற்றில் பார்மலின் தடவி விறைக்கச் செய்து, நிறம் மாறுமுன் படமெடுத்துவிடுவார். 1961இலேயே இந்த முறையை வெளியிட்ட அவர், 2020இல் மறையும்வரை 800க்கும் மேற்பட்ட மீன் சிற்றினங்களை விவரித்தவர்.

பேரினத்தில் வேறு சில கண்டுபிடிப்புகளும் இந்நூற்றாண்டில் நிகழ்ந்துள்ளன. 2002இல் மௌராவும் காஸ்ட்ரோவும் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து மூன்று புதிய சிற்றினங்களை விவரித்தனர். 2012இல் பிரெஞ்சு பொலினீசியாவின் கம்பியர் தீவுக்கூட்டத்திலிருந்து காந்திகாஸ்டர் கிரியோபே வெளியானது.

புதிய சிற்றினத்தை விவரிக்கும் முறை

ஒரு மீன் புதிது என்று சொன்னால் மட்டும் போதாது. விலங்குப் பெயரீட்டு விதிகளின்படி மாதிரி மீன் ஒன்றை மூலமாதிரியாகக் குறித்து, அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். துடுப்புக் கதிர்களை எண்ணி, உடலின் விகிதங்களை அளந்து, நெருங்கிய இனங்களிலிருந்து வேறுபடும் இடங்களை எழுதி வெளியிட வேண்டும். முன்பே எவரேனும் பெயர் வைத்திருந்தால் அப்பெயருக்கே முன்னுரிமை. உயிரின வகைப்பாட்டாளர் லின்னேயஸின் நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இக்கணக்கு தொடங்குகிறது. விட்லியின் பெயர் திரும்ப வந்ததும் இந்த விதியால்தான்.

இந்தியாவில் கூடுதலாக ஒரு கடமை உண்டு. 2002ஆம் ஆண்டு உயிர்ப்பன்மைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, புதிதாகக் கண்டறியப்படும் உயிரினத்தை அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரியையும் அங்கே ஒப்படைக்கச் சொல்கிறது. விலங்குகளுக்கு அத்தகைய களஞ்சியம், 1916இல் தொடங்கப்பட்ட இந்திய விலங்கியல் ஆய்வகம்.

தமிழகக் கடலும் பேத்தைகளும்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் 1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவாயின. 1989இல் 10,500 சதுர கி.மீ. பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மண்டபத்தில் நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இயங்குகிறது. லட்சத்தீவு, அந்தமான் கடல்களிலும் கூர்மூக்குப் பேத்தைகள் உண்டு.

2008க்கு முன் இந்தியப் பெருங்கடலில் தொகுத்த பட்டியலில் கொரோனாட்டா என்ற பெயர் இருந்தால், அதை இன்று அப்படியே ஏற்க இயலாது. மாதிரியை மறுபடி பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். ஒரு மீனைப் பாதுகாக்க அது எங்கே, எவ்வளவு உள்ளது என்று தெரிய வேண்டும். பெயர் தவறினால் அந்தக் கணக்கு முழுதும் தவறும். கடல்நீர் சூடேறிப் பவளம் வெளுத்துவரும் காலத்தில் இந்தத் தவறு பெருந்தவறாகும்.

சந்தையில் விலைபோகாததால் பேத்தையை வலையிலிருந்து எடுத்துக் கரையில் எறிந்துவிடுவது வழக்கம். ஆய்வாளர் தேடும் நிறம் அந்த ஈரம் காயாத வேளையில்தான் முழுமையாக இருக்கும். அறியாத பேத்தை கண்ணில் பட்டால் உண்ணாமல், உடனே நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் படமெடுத்து, பிடித்த இடத்தையும் நாளையும் ஆழத்தையும் குறித்து, அருகிலுள்ள மீன் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ப்பது கடலுக்குச் செய்யும் பெருந்தொண்டு.