தரிசு என்னும் சொல்லும் வெயிலின் கணக்கும்

இந்தியாவின் சூரிய மின்னாற்றல் வளம் சுமார் 748 கிகாவாட் எனத் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் 2014-இல் மதிப்பிட்டது. அதில் இமாசலப் பிரதேசத்தின் பங்கு 33.84 கிகாவாட், தமிழ்நாட்டின் பங்கு 17.67 மட்டுமே. வெயில் மிகுந்த தமிழ்நாட்டை ஒரு மலைமாநிலம் விஞ்சியது எவ்வாறு? அதற்கான விடை வானத்தில் இல்லை. நிலத்துக்கு இட்ட பெயரில் இருக்கிறது.

வெயிலை அளந்த வரலாறு செம்மையானது. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அன்னா மாணி, 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சார்பில் நாடெங்கும் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை நிறுவினார். கருவிகள் இங்கேயே செய்யப்பட்டுத் தரப்படுத்தப்பட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். 1980-இல் அவர் தொகுத்தளித்த சூரியக் கதிர்வீச்சுத் தரவுக் கையேடு, பின்வந்த பொறியாளர்களுக்கு அடிப்படையாயிற்று.

நிலத்தை அளந்த வரலாறோ வேறு. மேற்கண்ட மதிப்பீடு, தரிசு நிலத்தில் 3 விழுக்காட்டில் சூரியத் தகடுகள் பரப்பப்படும் எனக் கொண்டது. எனவே தரிசு மிகுந்த மாநிலமே வளம் மிகுந்த மாநிலமாயிற்று, 142.31 கிகாவாட்டுடன் ராஜஸ்தான் முதலிடம் பெற்றது.

ஆங்கிலேயர் ஆட்சியின் வருவாய்த்துறை மொழியில் 'தரிசு' என்பது பெரிதும் வரி தராத நிலத்தையே குறித்தது. யாரும் பயன்படுத்தாத நிலத்தை அன்று. 1838-ஆம் ஆண்டின் அசாம் தரிசு நில விதிகள், மக்கள் புழங்கிவந்த நிலங்களையும் தேயிலைத் தோட்டங்களுக்குத் திறந்துவிட்டன. 2000-இல் வெளிவந்த இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பு செயற்கைக்கோளின் துணை கொண்டது. ஆயினும் சீரழிந்த மேய்ச்சல் நிலம், மணற்பரப்பு, பனி மூடிய பகுதி யாவும் அதே தலைப்பின்கீழ் அடங்கின. தமிழில் 'புறம்போக்கு' என்ற வருவாய்ச் சொல் வசைச்சொல்லாக இழிந்ததும் இத்தகைய பார்வையின் விளைவே எனலாம்.

ஜெய்சால்மர் பகுதியின் 'ஓரண்'கள் தெய்வத்தின் பெயரால் ஊரார் காத்துவரும் பொது மேய்ச்சல் நிலங்கள். அங்கே ஒட்டகமும் ஆடும் மேய்கின்றன. மழைநீர் குளங்களில் தேங்குகிறது. அவற்றுள் பல, வருவாய்ப் பதிவேட்டில் ஓரண் எனக் குறிக்கப்படாமல் வெறும் அரசு நிலமாகவே உள்ளன. சூரிய மின் திட்டங்களுக்கு எதிராக அங்குள்ள மேய்ப்பர்கள் எழுப்பும் குரல், மின்சாரத்துக்கு எதிரானது அன்று. அந்தப் பதிவேட்டுக்கு எதிரானது.

மாற்று வழியும் முயலப்பட்டுள்ளது. 2012-இல் குஜராத்தின் மேசாணா மாவட்டத்தில், நர்மதைக் கிளைக் கால்வாயின் மேலே 1 மெகாவாட் சூரிய நிலையம் அமைக்கப்பட்டது; புதிய நிலம் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஒரு வட்டாரத்தின் ஆற்றல் வளத்தை மதிப்பிடுவோர், அந்நிலத்தின் இன்றைய பயன் என்ன, பயன்பெறுவோர் யார் என்பதையும் கதிர்வீச்சுக்கு இணையான கவனத்துடன் பதிவுசெய்தாக வேண்டும்.