பிரிவினைத் தடையும் மக்களாட்சியும்: தமிழ்நாடு, இலங்கை ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் பல, தனிநாட்டுக் கோரிக்கையைச் சட்டத்தால் தடுக்க முயன்றுள்ளன. இந்தியா 1963-ஆம் ஆண்டிலும் இலங்கை 1983-ஆம் ஆண்டிலும் இந்நோக்கில் தம் அரசியலமைப்பைத் திருத்தின. தன்மையில் ஒத்த இவ்விரு திருத்தங்களும் தமிழர் அரசியலில் வேறுபட்ட விளைவுகளை ஏற்படுத்தியமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ்நாடு

காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை, 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார். திராவிட நாடு கோரிய அக்கட்சி 1957 முதல் தேர்தல்களில் பங்கேற்றது. 1962-இல் அண்ணா காஞ்சிபுரம் தொகுதியில் தோல்வியுற்றார். எனினும் கட்சி சட்டமன்றத்தில் 50 இடங்களை வென்றது. அவ்வாண்டே மாநிலங்களவை உறுப்பினரான அண்ணா, தம் கோரிக்கையை அங்கும் முன்வைத்தார்.

சீனப் போரை அடுத்து வந்த 16-ஆவது திருத்தம், நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாகத் தேர்தல் வேட்பாளர்கள் உறுதிமொழி ஏற்பதைக் கட்டாயமாக்கியது. தி.மு.க. தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. ஆயினும் 1956-இன் மாநிலச் சீரமைப்பால் தமிழர் பெரும்பான்மையினராக அமைந்த சட்டமன்றம் அதற்குத் திறந்தே இருந்தது. 1967-இல் ஆட்சியமைத்த அக்கட்சி, 1968-இல் இருமொழிக் கொள்கையை ஏற்றது; 1969-இல் மாநிலம் ‘தமிழ்நாடு’ எனப் பெயர் பெற்றது.

இலங்கை

இலங்கையில் 1956-இன் தனிச்சிங்களச் சட்டம் தமிழர்களின் மொழியுரிமையைப் பறித்தது. அதிகாரப் பகிர்வுக்கு வழிகோலிய 1957-இன் பண்டாரநாயக்க – செல்வநாயகம் ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1976-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாடு கோரியது. அக்கோரிக்கையுடன் 1977 தேர்தலில் போட்டியிட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி, முதன்மை எதிர்க்கட்சியாயிற்று. 1983 சூலை வன்செயல்களை அடுத்து நிறைவேறிய ஆறாவது திருத்தம், பிரிவினைக்கு எதிரான உறுதிமொழியைக் கோரியது. அதனை ஏற்க மறுத்த கூட்டணியினர் நாடாளுமன்ற இடங்களை இழந்தனர்.

முடிவுரை

ஆறாவது திருத்தம் மட்டுமே போருக்குக் காரணம் எனக் கொள்வது பொருந்தாது. ஆயுதக் குழுக்கள் அதற்கு முன்பே வளர்ந்திருந்தன. ஆனால் வாக்குப்பெட்டியை நம்பிய தமிழ்த் தலைமை அவையினின்று வெளியேறியது அத்திருத்தத்தாலேயே. தமிழ்நாட்டில் கோரிக்கையைக் கைவிட்டோர்க்கு ஆட்சிக்கு வரும் வழி இருந்தது; வடகிழக்கு இலங்கையில் அத்தகைய மாநில அவை எதுவும் அப்போது இருக்கவில்லை. எனவே, பிரிவினைத் தடையின் விளைவைத் தீர்மானிப்பது சட்டத்தின் வாசகம் அன்று. தேசிய இனங்களுக்கு அரசமைப்பு வழங்கியுள்ள அதிகாரப் பங்கே என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.